நஸ்ரு வருவான் என்ற கடவுச்சொல்

காலையில் சுபுஹு தொழுது முடித்ததும் ஜன்னத் தேநீரும் கையுமாக அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் காதர் பாட்சா சாகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. காக்கா மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகியும் பயனர் பெயர் கேட்கும் கட்டத்தில் அவருடைய பெயர்தான் தயாராக நிற்கும். கடவுச்சொல்லை மட்டும் அவள் அடிக்க வேண்டும். அடுத்த முறைக்கு இதையும் நானே ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். வேண்டாம் என்று தட்டிவிடுவாள். அந்தச் சொல்லைத் தன் கையால் அடிப்பதற்காகத்தானே அவள் உட்காருவதே.

நஸ்ருவருவான்786. ஆங்கில எழுத்தில், நடுவில் இடம் விடாமல். காக்கா வைத்த கடவுச்சொல்.

நஸ்ருதீன் ஜன்னத்தின் கணவர். வளைகுடாவில் ஓர் இழுவைப் படகில் எஞ்சின் அறை வேலைக்குப் போனவர். போய் இரண்டாம் வருஷம் படகுக் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு ஓடிவிட்டது. ஏஜெண்டு கையில் பாஸ்போர்ட், நடுக்கடலில் படகு, படகில் ஏழு பேர். சோறு தீர்ந்து, தண்ணீர் தீர்ந்து, கடைசியில் ஏழு பேரும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ‘வேற ஒரு படகுல ஏத்துறாங்க, ஜன்னத். போய்ச் சேந்துட்டுப் பேசுறேன்’ என்று நஸ்ருதீன் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. அது நடந்து நான்கு வருஷம் முடிந்துவிட்டது.

காதர் பாட்சா காரைக்கால் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். மச்சினனைத் தேடுவதற்காக, யாரையும் கேட்காமல், தானே ஒரு இணையதளம் போட்டார். ‘கரை தேடி’ என்று பெயர். முதலில் அதில் நஸ்ருதீன் ஒருவர்தான். பிறகு போலகம், நாகூர், பட்டினச்சேரி என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் போட்டோவோடு வர, முப்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம்: போட்டோ, கடைசியாகப் போன படகு, அங்க அடையாளம், கீழே காக்காவின் பெயரும் போன் நம்பரும். தளத்தை வைத்திருக்கும் கம்பெனிக்கு வாடகை கட்டுவதோடு சரி. மற்றபடி பூட்டுவதும் திறப்பதும் பெருக்குவதும் எல்லாம் காக்காவே. நெஞ்சுவலியில் அவர் பொசுக்கென்று போன பிறகு அந்த வேலை ஜன்னத் தலையில் விழுந்தது. பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள்.

காக்காவின் சிநேகிதர் ராஜ்மோகன் அப்போதே சொன்னார். திருநள்ளாற்றுக்காரர், ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பைக் கவனித்துக்கொள்கிறவர். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்தவர் கிளம்பும்போது, “தங்கச்சி, முதல்ல அந்த பாஸ்வேர்டை மாத்திடுங்க. பாட்சா எல்லா எடத்துலயும் அந்த ஒன்னையேதான் வச்சிருந்தான். நல்லதில்ல” என்றார்.

ஜன்னத் தலையை ஆட்டினாள். மாற்றவில்லை.

எப்படி மாற்றுவாள்? கப்பலுக்குப் போனவர் வீட்டில் ‘வரமாட்டார்’ என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூட வாயில் எடுக்க மாட்டார்கள். நல்ல சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்கவும் மாட்டார்கள். இது அவள் உம்மா வீட்டுப் பழக்கம், மாமியார் வீட்டுப் பழக்கம், அந்தத் தெருவுக்கே உள்ள பழக்கம். மாற்று என்று ஒரு பொத்தானை அழுத்தி, ‘நஸ்ரு வருவான்’ என்பதை அழித்துவிட்டு, வேறு என்னத்தை அடிப்பது? இரண்டு தடவை அந்தப் பக்கம் வரைக்கும் போனாள். மூடிவிட்டாள். கம்ப்யூட்டர் என்ன கண்டது இதையெல்லாம்! அதற்கு எல்லாம் எழுத்துதான்.

இடையில் தளத்தை வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து மூன்று மெயில் வந்தது. ‘உங்கள் தளத்தில் தீய நிரல் நுழைந்திருக்கிறது. உடனே இங்கே அழுத்தவும்’ என்று ஆங்கிலத்தில். இப்படி வரும் எதையும் தொடாதே, தொட்டால் குடும்பமே தெருவுக்கு வரும் என்று டிவிக்காரனிலிருந்து பால்காரர் வரைக்கும் அவளுக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். மூன்றையும் அழித்தாள். தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள். திருடன் புகுந்திருக்கிறான் என்று சொல்ல வந்தவனையே திருடன் என்று விரட்டிவிட்டாள், பாவம். அவளை என்ன சொல்வது?

மாங்கனித் திருவிழா அன்று போலகத்துத் தாமரைச்செல்வி வந்தாள். அவள் புருஷன் புகழேந்தி வளைகுடாவில் மீன்பிடிப் படகுக்குப் போய்க் காணாமல் போனவன். தளத்தில் பன்னிரண்டாவது பெயர். எப்போது காரைக்காலுக்கு வந்தாலும் ஜன்னத்தைப் பார்க்காமல் போகமாட்டாள். அன்று கையில் மாம்பழப் பையோடு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“உள்ள வா தாமரை. ஏன் நிக்கிற?”

“வர்லக்கா. ஒன்னு கேக்கணும். கேட்டுட்டுப் போயிடுறேன்.” போனை நீட்டினாள். “எம் புருஷன் பேரைப் போட்டுத் தேடுனா சீட்டாடக் கூப்பிடுதுக்கா. சாமி கும்பிட வரிசையில நிக்கிறப்ப சும்மா அவர் மூஞ்சியப் பாக்கலாமேன்னு தேடுனேன். இந்தா, பாருங்க.”

ஜன்னத் பார்த்தாள். தேடலில் ‘புகழேந்தி, போலகம், காணவில்லை’ என்று சரியாகத்தான் வந்தது. தாமரைச்செல்வி அதைத் தொட்டாள். வெள்ளையாக ஒரு கணம் மின்னியது. அடுத்து சிவப்பும் தங்கமுமாக ஒரு பக்கம் விரிந்து, முதல் ஆட்டம் இலவசம், வாங்க ஜெயிக்கலாம் என்றது. பின்னணியில் மேளம் வேறு.

“இது ஒன் போன் கோளாறும்மா” என்று ஜன்னத் தன் போனை எடுத்துத் தளத்தைத் திறந்தாள். புகழேந்தி நீலச் சட்டையில் சமர்த்தாக நின்றான். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் புருஷன், ஒன்றில் சீட்டுக்கட்டு.

தாமரைச்செல்வியின் முகம் மாறிவிட்டது. “உங்க போன்ல மட்டும் நல்லாத் தெரியுது. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதானக்கா நடக்குது? ஊர்ல என்னென்னமோ பேசுறாங்க. நம்ம வீட்டு ஆம்பளைங்க பேரை வச்சுச் சூதாட்டக்காரன்ட்ட வித்துட்டாங்கன்னு. நான் அவங்ககிட்டச் சண்டைக்குப் போனேன், ஜன்னத்தக்கா அப்புடி இல்லன்னு.”

“அல்லா மேல சத்தியமாத் தெரியாது தாமரை.”

“சரிக்கா” என்றாள் தாமரைச்செல்வி. நம்பியதாகவும் இல்லை, நம்பாததாகவும் இல்லை. மாம்பழத்தில் நாலை எடுத்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். ஜன்னத் உடனே ராஜ்மோகனுக்குப் போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராஜ்மோகன் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“இந்த மாதிரி வேலை பாக்குறவன் ரொம்பக் கெட்டிக்காரம்மா” என்றார் கடைசியில். “தளத்துக்குச் சொந்தக்காரங்க உள்ள நுழைஞ்சு பாத்தா எல்லாம் ஒழுங்காத் தெரியும். வெளியாளு, அதுலயும் பேரைத் தேடிட்டு போன்ல வர்றவன், அவனை மட்டும் புடிச்சு அந்தப் பக்கம் தள்ளிவிடும். நீங்க தினம் பாத்தாலும் உங்களுக்குத் தெரியாது.”

“எத்தனை நாளா அண்ணே?”

அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். தளத்துக்குள் யார் எப்போது வந்தார்கள் என்று வரி வரியாக இருந்தது. ஜனவரியில் ஒரு வரியில் அவர் விரல் நின்றது. காதர் பாட்சா பெயர், எங்கோ ஒரு தூர தேசத்து முகவரி, முதல் தடவையிலேயே சரியான கடவுச்சொல். “கதவை ஒடைக்கலம்மா. சாவி போட்டுத் தொறந்திருக்கான். பாட்சா இதே மெயிலும் பாஸ்வேர்டும் வச்சு வேற எதோ சைட்ல கணக்கு வச்சிருந்திருக்கான். அங்கேர்ந்து களவு போன பட்டியல்ல இதுவும் போயிருக்கு. அப்படிப்பட்ட பட்டியலை வச்சுக்கிட்டு எந்தெந்தக் கதவு தொறக்குதுன்னு மெஷினை விட்டுத் தட்டிப் பாப்பாங்க. பாட்சா யாரு, நஸ்ருதீன் யாருன்னு அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

அவர் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று ஜன்னத்துக்கு இருந்தது. யாராவது தன்னை நாலு வார்த்தை திட்டினால் மூச்சு விடலாம் போல இருந்தது.

ஜனவரியிலிருந்து ஆறு மாதம். இந்த ஆறு மாதத்தில் எங்கோ ஒரு துறைமுகத்தில், ஒரு டீக்கடையில், யாராவது ஒருவன் நஸ்ருதீன் பேரைத் தேடியிருந்தால்? தேடியே இருக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டாள். நான்கு வருஷத்தில் தேடாதவன் இந்த ஆறு மாதத்திலா தேடப்போகிறான்? அப்படி நினைத்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

கழுவும் வேலை அன்றே தொடங்கியது. ராஜ்மோகன் போனில் சொல்லச் சொல்ல இவள் செய்தாள். போட்டோ மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் போட்டோ அல்லாத கோப்புகள் பதுங்கியிருந்தன. ‘உதவி’ என்ற பெயரில் இவள் சேர்க்காத நிர்வாகி ஒருத்தர் உள்ளே உட்கார்ந்திருந்தார். எல்லாரையும் துரத்தினாள். தளம் சுத்தமாயிற்று. நான்காம் நாள் தாமரைச்செல்வி போன் செய்தாள்: “திரும்ப வந்துருச்சுக்கா.” மறுபடி கழுவினாள். பத்து நாளில் மறுபடி வந்தது. காக்கா எடுத்து வைத்திருந்த பழைய நகலைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அதில் படிவம் அனுப்புவதற்காகச் சேர்த்திருந்த ப்ளக்-இன் மென்பொருளே ஓட்டையாம், இரண்டு வருஷமாக யாரும் புதுப்பிக்கவில்லையாம், அதற்குள் புகுந்து திரும்ப வந்தான். இதற்கிடையில் இணையத் தேடல் கம்பெனிக்காரர்களும் விழித்துக்கொண்டு, ‘கரை தேடி’ என்று தொட்டாலே திரை முழுக்கச் சிவப்பாக ‘இந்தத் தளம் ஆபத்தானது’ என்று போட்டுவிட்டார்கள். முப்பத்தொரு குடும்பத்தில் ஒன்பது குடும்பம் எங்க ஆளு போட்டோவை எடுத்துடுங்க என்று சொல்லிவிட்டது. ஜன்னத் எதிர்த்துப் பேசவில்லை. எடுத்துக் கொடுத்தாள்.

“இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிடலாம் தங்கச்சி” என்றார் ராஜ்மோகன். “பழசுலேர்ந்து ஒரு கோப்பும் வேணாம். எழுத்தை நீங்களே திரும்ப அடிங்க. போட்டோவை வீட்ல இருக்குற காகிதத்துலேர்ந்து திரும்ப எடுங்க.”

அடித்தாள். மூன்று வாரம். மீதி இருந்த இருபத்திரண்டு பேருடைய உயரம், நிறம், மச்சம், தழும்பு எல்லாவற்றையும் ஒற்றை விரலால் அடித்தாள். புகழேந்திக்கு வலது புருவத்தில் வெட்டு. நஸ்ருதீனுக்கு இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கயிறு இழுத்த தழும்பு. அந்தத் தழும்பின் மேல் எத்தனையோ முறை விரல் ஓட்டியவள்தான். இப்போது அதை அங்குலத்தில் எழுதினாள்.

கடைசியில் கடவுச்சொல். “இருபது எழுத்து, அர்த்தமே இருக்கக்கூடாது. கம்ப்யூட்டரே குடுக்கும், அப்படியே வச்சுக்கங்க. போனுக்கு வர்ற எண்ணையும் சேத்துப் போட்டாத்தான் தொறக்கிற மாதிரி பண்ணிடலாம்” என்றார் ராஜ்மோகன். கம்ப்யூட்டர் கொடுத்தது. எழுத்தும் எண்ணும் கோடும் புள்ளியுமாக, எந்த மனிதரும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்று. ஜன்னத் அதை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகிவிடவில்லை. இடி விழவில்லை, கூரை பெயரவில்லை. ஆனால் எழுந்து போய்க் கொல்லையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள்.

சஃபர் மாதம் முடிந்து மவுலூது மாதம் பிறந்த சமயம். தேடல்காரர்கள் சோதித்துப் பார்த்து சிவப்புப் பலகையை எடுத்துவிட்டார்கள். தாமரைச்செல்வி தன் போனிலும், பக்கத்து வீட்டுப் போனிலும், பஸ் கண்டக்டர் ஒருவர் போனிலும் தேடிப் பார்த்துவிட்டு, “எல்லாத்துலயும் எம் புருஷன்தான் வர்றாருக்கா” என்று சொல்லிச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. ஜன்னத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கு மூன்றாம் நாள் அசர் தொழுகைக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது.

“வணக்கம்ங்க. காதர் பாட்சாங்கிறவங்க இருக்காங்களா?”

“அவங்க மவுத்தாயிட்டாங்க. நான் தங்கச்சி ஜன்னத் பேசுறேன். சொல்லுங்க.”

“ஜன்னத்தா? நீங்கதான் ஜன்னத்தாக்கா?”

அவன் பெயர் அகரன். பட்டுக்கோட்டைப் பக்கம். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் ஆஸ்பத்திரி நர்ஸ். நோன்பு மாதத்தில், பதினாலாம் நோன்பு அன்று, துறைமுகத்திலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து போட்டார்களாம். கப்பலின் மேல்தட்டிலிருந்து விழுந்து தலையில் அடி. கையில் ஒரு காகிதம் இல்லை. கொண்டுவந்தவர்களும் நிற்கவில்லை. பேச்சு குழறியதாம். நஸ்ரு, காரைக்கால், ஜன்னத். மூன்று சொல்தான் புரிந்ததாம். தமிழ் ஆள் என்பதால் அகரனை அந்த வார்டுக்குப் போட்டார்கள்.

“எனக்கு ஒங்க ஊர்ல யாரையும் தெரியாதுக்கா. பேரையும் ஊரையும் போட்டு போன்ல தேடுனேன். ஒங்க சைட்டு வந்துச்சு. தொட்டா சீட்டாட்டத்துக்குப் போச்சு. நாலஞ்சு நாளு, வேற வேற போன்ல தேடிப் பாத்தேன். எல்லாத்துலயும் அதேதான். எவனோ காணாமப் போனவன் பேரைப் போட்டுப் பணம் புடுங்குறான்னு நெனச்சு விட்டுட்டேன். தூதரகத்துக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து எழுதுனாங்க. பாஸ்போர்ட் நம்பர் கேட்டாங்க. இல்ல. இப்ப லீவுல ஊருக்குக் கெளம்புறேன். பெட்டி கட்டுறப்ப மனசு கேக்கல, திரும்பத் தேடுனேன். போட்டோ வந்துருச்சு. அந்தக் கைத் தழும்பும் போட்டிருக்கீங்க.”

“இப்ப எங்க இருக்காங்க?” என்றாள் ஜன்னத். அவன் எல்லாவற்றையும் முடிந்துபோன கதையாகவே சொன்னதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் கேட்டாள்.

“பெருநாள் முடிஞ்சு ஒம்போதாம் நாளுக்கா. எங்க வார்டுல ஒரு பாய் இருந்தாரு, கலிமா சொல்லிக் குடுத்தாரு. அடக்கம்லாம் மொறையாப் பண்ணுனாங்க. எடத்து நம்பர் எங்கிட்ட இருக்கு.” அவன் அழுகிறான் என்று தெரிந்தது. “இருபத்தாறு நாளு இருந்தாருக்கா. தெனமும் காலையில என்னைப் பாத்ததும் கேப்பாரு. ஜன்னத்துன்னு சொல்லிக் காதுல கை வச்சுக் காட்டுவாரு, ஊர்லேர்ந்து போன் வந்துச்சான்னு. நாளைக்கு வரும் பாய்னு சொல்லுவேன்.”

ஜன்னத் அவனுக்கு நன்றி சொன்னாள். சாப்பிட்டாயா தம்பி என்றுகூடக் கேட்டாள். அந்த இருபத்தாறு நாளும் நஸ்ருதீன் பக்கத்தை எத்தனையோ முறை திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சோறாக்கப் போனவள் அவள். போனை வைத்த பிறகு அது ஒன்றுதான் திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடியது.

மறுநாள் பள்ளிவாசலில் துஆ ஓதினார்கள். பள்ளிவாசல் இமாம் பீர் மைதீன் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஜன்னத் வெள்ளைச் சேலை கட்டித் தயாராக இருந்தாள். கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து துக்கம் காக்கும் இத்தா. பூ இல்லை, அத்தர் இல்லை, அவசியமில்லாமல் வாசல் தாண்டுவதில்லை. நாலு வருஷம் அவருக்காக எதையும் செய்ய முடியாதவளுக்கு இந்த ஒன்றாவது மிச்சம் இருந்தது. இன்றைக்கே உட்கார்ந்துவிடுவது என்று இரவே முடிவு செய்திருந்தாள்.

“மவுத்தான நாளு என்னிக்கும்மா?” என்று ஹஜ்ரத் கேட்டார்.

“பெருநாள் முடிஞ்சு ஒம்போதாம் நாளுங்க.”

“அப்ப ஷவ்வால் பத்து.” அவர் விரல் விட்டு எண்ணினார். திரும்பவும் ஒருமுறை எண்ணினார். “இத்தா மவுத்தான நாள்லேர்ந்துதாம்மா. சேதி தெரிஞ்ச நாள்லேர்ந்து இல்ல. சஃபர் இருவதோட முடிஞ்சு போச்சு. ரெண்டு வாரம் ஆயிருச்சு.”

“நான் இருக்கலையே ஹஜ்ரத்.”

“இருந்ததாவே கணக்கும்மா. உங்க மேல குத்தமில்ல.”

கணக்கில் இத்தா ஓடிய அந்த நாட்களில்தான் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மருதாணி வைத்துக்கொண்டு, பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, நாகூரில் ஒரு கல்யாணத்துக்கும் போய்வந்தாள். தலை நிறைய மல்லிகை. பந்தியில் யாரோ என்னவோ சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

“நாலு நாளாவது இருந்துக்கறேனே ஹஜ்ரத்” என்றாள். குரல் சின்னப் பிள்ளையுடையது போல் ஆகிவிட்டது. “ஒரு நாளாவது.”

ஹஜ்ரத்துக்கு வயது எழுபது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ சொல்லித் தேற்றியவர். திரையைப் பார்த்துப் பேசாமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

“அழுவுறதுக்கு யாரும் தடுக்க மாட்டாங்கம்மா. ஆனா இத்தாவை நான் எங்கேர்ந்து எடுத்துக் குடுப்பேன்? அது போயிருச்சும்மா.”

அவர் எழுந்து போன பிறகு பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். தாமரைச்செல்வியும் போலகத்திலிருந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னத் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை. கட்டியிருக்கவும் சொல்லவில்லை.